சக்களத்தி

சக்களத்தியை இன்று மாலைக்குள் வீட்டை விட்டு அனுப்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது. சிவந்த மேனிக்காரி. வயதானாலும் மினுக்குக் குறையாதவள்.

"லீவு நாளானா அவ காலடியிலேயே கிடக்கறீங்க. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று மனைவி கோபத்தில் சொல்லிவிட்டாள். "சரி, அனுப்பிடறேன்" என்று கணக்கு வாத்தியாரும் வீம்புக்குச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் இரண்டு பேர் வம்சத்திலும் கிடையாது.

ஆகவே, வாத்தியார் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் கடைசி முறையாக மல்லாந்து கிடந்தார். கிளட்ச் சரியாக இருந்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்று அதை வாங்கவிருந்த பல் டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒழுகிக்கொண்டிருந்த கிளட்ச் சிலிண்டரை நேற்றே பிரித்துச் சுத்தம் செய்து, புது ரப்பர் போட்டு மேஜைமேல் வைத்திருந்தார். இன்று காலையில் அதை மாட்டியாகிவிட்டது. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி.

"அந்த ஸ்பேனரை எடு. பாத்து, கிளட்ச் எண்ணெய் டப்பாவைத் தட்டிடாதே. பட்ட இடத்துல பெயின்ட் உரிஞ்சிடும்."

எத்தனையோ முறை கூட நின்று இந்த வேலையைப் பார்த்துப் பழகிய மனைவி ஸ்பேனரை நீட்டினாள். அவள் கட்டைவிரல் நகத்தில் மட்டும் சாயம் உரிந்திருந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

அவர் நட்டைத் திறக்க, எண்ணெயோடு குமிழிகள் வந்தன. மூடினார்.

"விடு."

வாத்தியார் தனக்குள் சிரித்துக்கொண்டார். கிண்ணம் போன்ற அந்த ரப்பரின் வாய் எண்ணெயைப் பார்த்து இருந்தால்தான் அழுத்தம் நிற்கும். அவர் வேண்டுமென்றே அதைத் திருப்பிப் போட்டிருந்தார். பெடல் தொபுக்கென்று தரைக்குப் போகும், டாக்டரும் வந்த வழியே போவார். வீம்பும் பிழைக்கும், வண்டியும் பிழைக்கும்.

"பெடல் எப்படி இருக்கு?"

மேலே அவள் இன்னும் இரண்டு முறை மிதித்துப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி நிக்குதுங்க." அவள் குரலில் சுரத்தே இல்லை.

வாத்தியார் பதறி எழுந்ததில் தலை 'ணங்' என்று இடித்தது. கணக்கு எங்கேயோ உதைத்தது. அதற்குள் டாக்டர் வாசலுக்கு வந்துவிட்டார்.

டாக்டர் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். கியர் மாற்றிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பிரமாதம் சார். இப்பவே எடுத்துக்கறேன். சாவியைக் கொடுங்க."

வாத்தியார் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போது சந்தோஷமா என்று கேட்கத்தான் மனைவி பக்கம் திரும்பினார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் அழறே? நீதானே விக்கச் சொன்னே?"

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். அதுக்காக வித்துடறதா?"

அதற்குமேல் வாத்தியாரால் அடக்க முடியவில்லை.

"இது எப்படி வேலை செய்யுதுன்னே புரியலை. ரப்பரை நான்தான் நேத்தே திருப்பிப் போட்டேனே."

மனைவி சாயம் போன கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஐயோ, நீங்களுமா?"