பூக்கண்காட்சிக்கு வாருங்கள்

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடம். மேசையருகே பேனாவுடன் நான். சோபாவில் என் மனைவி பெர்னதெத். எதிரே மகன் ஜாய்சன். சமையலறை வாசல் ஸ்டூலில் மருமகள் ஐரின்.

ஐரினின் அப்பா பெங்களூரைப் பார்த்ததே இல்லை. மகளைப் பார்க்க அடுத்த வாரம் வருவதாக எழுதியிருந்தார். போனில் பேசினால் அவருக்குக் காது கேட்காது.

“இப்ப ஒரே மழை. ஆகஸ்ட்ல வரச் சொல்லுங்கப்பா. லால்பாக்ல ஃப்ளவர் ஷோ இருக்கும்,” என்றான் ஜாய்சன்.

“கப்பன் பார்க், விதான சௌதா எல்லாம் மாப்பிள்ளையே சுத்திக் காட்டுவார்னு போடுங்க. மனுஷன் குளிர்ந்துடுவார்,” என்றாள் பெர்னதெத்.

ஸ்வெட்டர், நடக்க வசதியான செருப்பு, ஏறுமுன் ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடச் சொல்வது என்று ஒவ்வொன்றாக எழுதினேன்.

“எப்பவும் ஐரின்தானே எழுதுவா? கேட்பாரேடா?” என்றேன்.

“வேலையா இருக்கான்னு போடுங்கப்பா.”

“அப்பா இப்பவே வரட்டும், மாமா,” என்றாள் ஐரின்.

ஜாய்சன் திரும்பிப் பார்த்தான்.

கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன்.

“உங்கப்பாவுக்குத்தானே? நீயே ஒட்டு,” என்று பசையை நீட்டினான் ஜாய்சன்.

ஐரின் இடது கையால் ஒட்டினாள். அவன் முறுக்கி உடைத்த வலது கையில் மாவுக்கட்டு. அதைப் பிரிக்க ஆகஸ்ட் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மழை பிடிக்குமுன் போய், உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.