எதிரே வருகிறவர்

ஜமுனா வாங்கிய பழைய பொலிரோவுக்கு வயது அதிகம். மார்கழிப் பனி தொடங்குவதற்குள் அதைத் தேற்றிவிட, பொன்னேரியிலிருந்து மெக்கானிக் ஏழுமலை அவள் ஊரான தோணிரேவுக்கே வந்திருந்தான். பிரேக், பேட்டரி, வைப்பர் எல்லாம் முடிந்தது. பம்பரில் புதிதாக மாட்டிய ஃபாக் லைட்டில்தான் தகராறு.

"இன்னும் மேல தூக்குப்பா" என்றாள் ஜமுனா.

"இதுக்கு மேல தூக்கினா ரோடு தெரியாதுக்கா."

"ரோட்டுக்குத்தான் ஹெட்லைட்டு கீதே. நீ தூக்கு."

"எதிர்ல வர்றவங்களுக்குக் கண்ணு கூசும்."

"நல்லா கூசட்டும்."

"சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். எனக்கு இன்னா புதுசா?"

இந்த அக்காவுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தார்களோ என்று முனகியபடி ஏழுமலை விளக்கை நிமிர்த்தினான்.

"ஏறு, போட்டுப் பாத்துடலாம்" என்று வண்டியைக் கிளப்பினாள். அது ரோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. வலை காயும் மணலில் இறங்கி, ஏரியைப் பார்த்து நின்றது. இருட்டத் தொடங்கியிருந்தது. ஃபாக் லைட்டின் வெளிச்சம் தண்ணீரின் மேல் நீளமாகப் பாய்ந்தது. இறால் பிடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகில், கண்ணைக் கையால் மறைத்தபடி ஒருவர் எழுந்து நின்றார்.

"என் வூட்டுக்காரரு" என்றாள் ஜமுனா. "போன மார்கழில பனியில கரை தெரியாம, விடியற வரிக்கும் சேத்துல மாட்டிக்கினாரு."

படகிலிருந்து குரல் வந்தது.

"எவன்டா அவன், கண்ணு கூசுது, லைட்ட அணைடா."

ஏழுமலை சிரித்துக்கொண்டே ஸ்பேனரை எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம் தூக்கலாம்கா."