லீவரைத் தொட்ட கை

லீவர் மறுபடியும் கீழே இறங்கியிருந்தது.

டிரம்மர் தன் ஸ்நேர் டிரம் பக்கத்தில் மண்டியிட்டு, நேற்றுக் காலை பென்சிலால் போட்டுவைத்த கோட்டைப் பார்த்தார். கோடு ஓரிடம், லீவர் ஓரிடம். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையின் கையை நகர்த்துவதுபோல் அதை மேலே ஏற்றினார்.

அறுபது வருடத்துக்கு முன் செய்த பித்தளை டிரம் அது. அடித்ததும் காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஒரு வெடிப்பு, அதன் வாலாகப் பித்தளையின் மெல்லிய ரீங்காரம். புது டிரம் எதிலும் அது வராது. வியாழக்கிழமை ஒலிப்பதிவுக்குக் கூப்பிட்ட இசையமைப்பாளர்கூட, "நீ வராட்டியும் பரவாயில்லை, அதை அனுப்பி வை" என்றுதான் சொன்னார்.

அந்தச் சத்தத்தில் பாதி, அடித்தோலை ஒட்டி ஓடும் கம்பிகளால் வருவது. கம்பிகளைத் தோலோடு சேர்ப்பதும் விலக்குவதும் அந்தச் சின்ன லீவரின் வேலை. இரண்டு வாரத்துக்கு முன் பழுது பார்ப்பவர் அதைத் திருகிப் பார்த்துவிட்டு, உள்ளே பல் தேய்ந்துவிட்டது, மாற்றுவதற்கு உலகத்திலேயே சாமான் கிடையாது, ஒலிப்பதிவு முடியும்வரை தொடவே தொடாதீர்கள் என்று எச்சரித்திருந்தார். அன்றிலிருந்து அவர் லீவரை மேலேயே, கம்பிகள் தோலோடு ஒட்டியபடி, விட்டுவைத்திருந்தார். அறையில் யார் பேசினாலும் டிரம்மும் கூடவே முனகியது. யாராவது தும்மினால் அதுவும் தும்மியது.

இறக்கியது யார் என்பதில் டிரம்மருக்கு அதிகக் குழப்பமில்லை. வாசித்து முடித்ததும் லீவரை இறக்கிவிடுவது டிரம்மர்களின் கைப்பழக்கம், வண்டியை நிறுத்தினால் சாவியை எடுப்பதுபோல. மற்றவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்த வீட்டில் அவரை விட்டால் இன்னொரு டிரம்மர் அவருடைய மச்சினன். பாண்டு வேலை போய், சொந்த செட்டையும் விற்றுவிட்டு, ஒரு மாதமாக இங்கே வந்து இருக்கிறான். சாப்பாட்டு மேஜையிலும் முழங்காலிலும் சதா தாளம் போடும் கை.

டிரம் இருப்பது மாமனார் அறையில். வீடு அவருடையது. மகளும் மருமகனும் டிரம் செட்டோடு குடிவந்த கொஞ்ச நாளில் அவருக்குக் காது அடைத்துப்போனது. வாங்கிக் கொடுத்த காது மிஷின் மூன்று வருடமாக டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் எந்நேரமும் வாசிக்க அதைவிடத் தோதான அறை கிடைக்குமா? மனம்விட்டுப் பேசவும் அதுவே வசதி. பெரிசுக்குப் பிறகு இந்த அறைக்குச் சுற்றிலும் தக்கைப் பலகை அடித்து ஸ்டூடியோ ஆக்குவதைப் பற்றி, பெரிசை வைத்துக்கொண்டே அவர் மனைவியிடம் பலமுறை விவாதித்திருக்கிறார். "அப்பா முன்னாடி எதுக்குங்க?" என்பாள் மனைவி. "அவருக்கு இடி விழுந்தாலும் தெரியாது" என்பார் இவர்.

இப்போதும் மாமனார் டிரம்முக்குப் பக்கத்து நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். டிரம்மர் மச்சினனைக் கூப்பிட்டார்.

"நேத்து நானும் உங்கக்காவும் வெளியே போயிருந்தோம். வீட்ல இருந்தது யாரு?"

"நானும் அப்பாவும்."

"அப்ப லீவரை இறக்கினது?"

"சத்தியமா நான் இல்லை அத்தான். திருட்டுத்தனமா வாசிக்கிறவன் லீவரை இருந்த மாதிரியே ஏத்தி வச்சிட்டுப் போகமாட்டானா?"

பதில் நியாயமாக இருந்ததுதான் டிரம்மருக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறான்.

"வேணும்னா அப்பாவைக் கேளுங்க."

"யாரைக் கேக்கறது? எப்படிக் கேக்கறது?"

வாசலில் கைகட்டி நின்ற மனைவி, போக இடமில்லாதவனை ஒரு லீவருக்காக வெளியே அனுப்புவார்களா என்று கேட்டாள். லீவர் இல்லை, நம்பிக்கை என்றார் இவர். இன்றைக்கே அவன் பெட்டியைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் டிரம்மை எடுத்துக்கொண்டு தான் கிளம்புவதாகச் சொன்னார்.

மச்சினன் உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தான். அதைப் பார்த்ததும் அக்காவின் குரல் உயர்ந்தது. அதற்கு மேல் இவர் குரல் உயர்ந்தது. அடியில் கம்பிகளும் சளைக்கவில்லை. இவர் ஒரு சொல் சொன்னால் டிரம் ஒரு கிர்ர், அவள் ஒன்று சொன்னால் இன்னொரு கிர்ர்.

"குடும்பத்துல இப்படி ஒரு திருட்டுக் கை..." என்று டிரம்மர் ஆரம்பித்தார்.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பார்க்காமலே, ரொம்ப நாள் பழகியதுபோல், விரல்கள் நேராக லீவரில் போய் உட்கார்ந்தன.

டக்.

கம்பிகள் அடங்கின. மச்சினன் பையை மெதுவாகத் தரையில் வைத்தான்.

மாமனார் பக்கத்தைப் புரட்டினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மாப்ளே, இது கூடவே கிர்ருங்குது."