நெய்னா காக்காவின் இங்கிலாந்துப் பயணம்

"அந்தக் கல்பாலத்து மேல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க காக்கா. கடையில பிரேம் போட்டு மாட்டிருவோம்!"

துபாய் தேராவிலிருந்து முதலாளி சாதிக் பாட்ஷா போனில் சொன்னதும் நெய்னா முகம்மதுவுக்கு வாயெல்லாம் பல். மூத்தவரைக் 'காக்கா' என்பது அவர்கள் கீழக்கரை வழக்கம். முதலாளியாகியும் சாதிக் அந்த மரியாதையை விட்டதில்லை.

அவர் நின்றிருந்தது தேம்ஸ் ஆற்றங்கரையில், ஒரு பழங்காலத்துக் கிராமத்தின் கல்பாலத்தில். நானூறு வருடத்து வீடுகள், அவற்றின் மேல் வைக்கோல் கூரை. அதைப் பார்க்க பஸ் பஸ்ஸாகக் கூட்டம்.

'குடிசைக்கு இம்புட்டு மவுசா!' என்று நெய்னா வாயைப் பிளந்தார்.

மசாலாக் கடையில் இருபத்தைந்து வருடம் மாடாய் உழைத்ததற்கு முதலாளி தந்த பரிசு இந்தப் பயணம். எந்த முதலாளிக்கு இந்த மனசு வரும்?

ஆனால் நெய்னாவின் நினைப்பெல்லாம் ஊரிலிருக்கும் மகன் ராஜிக் மேல்தான். அவனுக்கு வயது இருபத்திரண்டு. லீவையெல்லாம் கூட்டிக் கழித்தாலும் இரண்டு வருடம்கூட அவனோடு இருந்ததில்லை. சாவதற்குள் மகனும் தானும் ஒரே ரூமில் தங்கி, ஒரே சஹன் தட்டில் கை நனைத்துச் சாப்பிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

அதற்காக மூன்று வருடமாக மகனுக்கு விசா கேட்டுக் கெஞ்சினார். "நம்ம கடைக்கு எட்டு விசாதான் காக்கா. எட்டும் ஃபுல்லு" என்பதே பதில்.

"இன்னொரு விசயம் காக்கா," என்றார் சாதிக். "ராஜிக்குக்கு விசா வந்துருச்சு. நாளைக்கு இங்க வந்து எறங்குறான்!"

நெய்னா பாலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வழியில் போன வெள்ளைக்காரம்மா பதறிப்போய் நின்றாள். அழுதுகொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! வெள்ளிக்கிழமை நானும் வந்துருவேன் மொதலாளி. ரூம்ல என் கட்டில அவனுக்குக் குடுத்துருங்க. நான் கீழ பாய விரிச்சுப் படுத்துக்கிர்றேன்."

 சாதிக் பாட்ஷா அதே மரியாதையோடு கேட்டார்.

"நீங்க எங்க காக்கா இங்க வர்றது? உங்க விசாவ கேன்சல் பண்ணித்தானே அவனுக்கு எடுத்தேன்!"