தையல்காரருக்கு ஒரு படகு

"விறகுக்குன்னா தர மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடறேன்" என்றாள் படகுக்கார அக்கா.

"விறகுக்கு இல்லக்கா" என்றார் வந்தவர். சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் இடுப்பை அளக்க ஆரம்பித்தார்.

"எதுக்கு, ரவிக்கை தைக்கவா?" என்று கேட்டார் அக்காவின் வீட்டுக்காரர், பக்கத்துப் படகின் விரிசலுக்குத் தார் பூசிக்கொண்டே.

தான் தையல்காரர்தான் என்று வந்தவர் சிரிக்காமல் ஒப்புக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டபோதுதான் கொஞ்சம் இழுத்தார். ஊர்ப் பேரைச் சொன்னதும் தார் பூசுகிற கை அப்படியே நின்றுவிட்டது.

மழையே பார்க்காத ஊர் அது. இரண்டு வருஷமாக அந்த ஊருக்கும் இந்த ஏரிக்கும்தான் மல்லுக்கட்டு. ஏரித் தண்ணீரைக் குழாயில் அங்கே கொண்டுபோகிறோம் என்று அரசாங்கம் கிளம்பியதும் இங்கே சாலை மறியல், அங்கே காலிக்குட ஊர்வலம், அப்புறம் கோர்ட்டு. அக்காவே நடுரோட்டில் மூன்று நாள் உட்கார்ந்து போலீஸ் வேனில் ஏறியவள். என்ன செய்து என்ன? போன மாதம் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய்விட்டது. பதித்து வைத்த குழாயை அடுத்த வாரம் திறக்கப் போகிறார்கள்.

திறந்தால் ஏரி நாலடி இறங்கும். படகுத்துறையில் பாதி சேறாகிவிடும். எட்டுப் படகில் நாலுக்குத்தான் மிதக்க இடம் இருக்கும் என்பதால் மீதி நாலை விற்கத் துணிந்தாள். மூன்று போய்விட்டன. அவற்றில் இரண்டை வாங்கியவன் மறுநாளே கோடாலியால் பிளந்து அடுப்பில் வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிச்சம் இருப்பது பெரிய படகு. இருபது வருஷம் அவளே துடுப்புப் போட்டது. அது போகிற இடத்தில் மிதந்தே ஆக வேண்டும் என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். இப்போது அதைக் கேட்டு வந்து நிற்பதோ குளிக்கவே தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்.

"தண்ணியத்தான் எடுத்துக்கிட்டீங்க. படகையாவது விட்டு வைக்கக் கூடாதா தம்பி?"

"நான் குழாய் வேணாம்னு கையெழுத்துப் போட்டவன்க்கா."

வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டுக்க. பந்தியில உக்காந்துக்கிட்டு சோறு வேணாம்னாராம்."

தையல்காரர் டேப்பை நுனிவரை இழுத்தார். படகின் நீளத்தை அளந்து துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

ஆளைக் கிளப்பினால் போதும் என்று அக்கா மனசில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு விலை சொன்னாள். எப்படியும் பாதிக்குக் கேட்பார், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அவரோ, "சரிக்கா" என்றார்.

அக்காவுக்குப் பகீரென்றது. அரைமணி நேரச் சவாரிக்கு வருகிற புதுமாப்பிள்ளைகூடப் பெண்டாட்டி எதிரிலேயே பேரம் பேசுகிற துறை அது. சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவர் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை, இவளுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பைத்தியம் மாதிரி தெரியவில்லை.

அதற்கு மேல் அவர் கேட்ட கேள்விகள் அவள் மண்டையைக் குடைந்தன. பன்னிரண்டடித் தெருவுக்குள் நுழையுமா? ஏழு பேர் உட்கார்ந்தால் மெஷினையும் ஒரு பீரோவையும் வைக்க இடம் இருக்குமா? மாமியாருக்கு முழங்கால் மடங்காது, ஏற முடியுமா?

கடை வைக்கவா என்றாள். இல்லையாம். ஓட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்தவா? இல்லை. மாட்டுக்குத் தொட்டியா? அதுவும் இல்லை. வேறு எதற்கு என்றால் மட்டும் ஆள் டேப்பைச் சுருட்டி விரித்துச் சுருட்டினார்.

"எதுக்குன்னு சொல்லுங்க. பாதி விலைக்குத் தர்றேன்" என்றாள் அக்கா.

அவர் தரையைப் பார்த்தார்.

"சரி, கால் விலை."

வீட்டுக்காரர் கையிலிருந்து தார்ப் பிரஷ் நழுவி விழுந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி வாங்குகிறவன் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறார். விற்கிறவளே வாங்குகிறவனிடம் கெஞ்சிக் குறைப்பதை அன்றுதான் பார்த்தார்.

"சும்மாவே வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க தம்பி. ஆனா இது தண்ணியில இறங்குமா இறங்காதா, அதை மட்டும் சொல்லிடுங்க. இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

தையல்காரர் முன்னும் பின்னும் பார்த்தார். வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, தெரிந்தால் அவர் தெருவில் ஒரு வீடும் விலை போகாது என்று இரண்டு பேரிடமும் உறுதி வாங்கிக்கொண்டார்.

"எங்க ஊர்லயும் ஒரு ஏரி இருந்ததுக்கா. நாப்பது வருஷமா காஞ்சு கிடந்ததைப் பிளாட் போட்டு வித்தாங்க. இனிமே எங்கேருந்து தண்ணி வரப்போகுதுன்ற தைரியத்துல நானூறு பேரு வீடு கட்டிட்டோம்" என்றார். பிறகு குரல் இன்னும் தாழ்ந்தது. "சர்க்கார் மேப்புல அது இன்னும் ஏரிதான். உங்க தண்ணிய அடுத்த வாரம் அதுலதான் கொண்டுவந்து விடுறாங்க."