அடிக்குச் சிக்காத கொசு

2058. எந்த அடிக்கும் சிக்காத புதுக் கொசு இனத்துக்குப் பரிணாம உயிரியலாளர் சங்கம் விருது அறிவித்திருந்தது. அதைத் தன் வீட்டுப் படுக்கையறையிலேயே கண்டுபிடித்த செண்பகவல்லி, பட்டுப்புடவையில் காத்திருந்தார். மேடைக்கு அழைக்கப்பட்டதோ அவர் கணவர் தாமோதரன்.

"மந்தமான கொசுவையெல்லாம் பத்து வருஷமா மட்டையால அடிச்சுத் தீர்த்து, சுறுசுறுப்பானதை மட்டும் மிச்சம் வெச்சவர் இவர்தான். இனத்தை உருவாக்கினவங்களுக்குத்தான் விருது, அது சங்கத்தோட விதி" என்றார் தலைவர்.

"தூக்கம் முழிச்சு ஆராய்ச்சி பண்ணது நானு!" என்று செண்பகவல்லி மேடையேறினார். கணவரின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"கொசு" என்றார் செண்பகவல்லி. "தப்பிச்சிருச்சு."

நேரடி நிரூபணம் என்று அரங்கமே எழுந்து கைதட்டியது. தாமோதரன் கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏசி ஹாலுக்குள்ள ஏது வல்லி கொசு?"