தெருவில் நடக்கிறவர்கள்

மார்ச் 9. அக்கா வாங்குவதற்காக, தானாக ஓடும் இரண்டு வண்டிகளின் பாதுகாப்பையும் ஒப்பிட்டபோது, உள்ளே உட்காருகிறவர்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். தவறு என்னுடையது.

நாட்குறிப்பில் இதை எழுதியபின் தமயந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவிடம் போய் நின்றாள்.

"அக்கா, மோதுற நிலைமை வந்தா வெள்ளை வண்டி தெருவுல போறவங்களுக்காக ஒதுங்கும். உனக்குப் பிடிச்ச கறுப்பு வண்டி உள்ள இருக்கறவங்களத்தான் காப்பாத்தும்."

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு வேற எதைடி வாங்கறது? தெரிஞ்சவங்க போட்டோவ அதுல ஏத்தி வச்சா, அவங்களுக்கு மட்டும் கறுப்பும் ஒதுங்குமாம். உன் மூஞ்சியத்தான் முதல்ல ஏத்தப்போறேன். உம்முனு இருந்தாலும் அது கண்டுபிடிச்சிரும்" என்று அக்கா சிரித்தாள்.

தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை வகுப்பு முடிந்து தன்னோடு இதே தெருவில் நடந்து வருகிறவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். நாட்குறிப்பை மறுபடி திறந்தாள்.

நாளை: வகுப்பில் எல்லாரிடமும் ஒரு புகைப்படம் கேட்டு வாங்க வேண்டும்.